பெரியம்மாவின் கண்ணில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்

"போச்சு" என்றாள் பெரியம்மா.

கத்தவில்லை, அழவில்லை. வேலை இடத்தில் எந்தக் குரலில் சொல்வாளோ அதே குரல். ஏற்ற இறக்கமே இல்லாத குரல். கண்ணைப் படம் எடுத்த அக்கா கணினியிலிருந்து திரும்பி, "என்னம்மா போச்சு?" என்று கேட்டாள். பெரியம்மா அவளைப் பார்க்கவே இல்லை. திரையில் அவளுடைய வலது கண்ணின் உட்புறம் உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில், உள்ளே விளக்கு வைத்ததுபோல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. ஏன் இப்படிப் பிடிக்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த ஒரு சொல் அவளுக்கு எவ்வளவு பெரிய தீர்ப்பு என்று தெரிய வேண்டுமானால், அவள் செய்யும் வேலையை முதலில் சொல்ல வேண்டும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கீழ் வீட்டில் அவளும் பெரியப்பாவும், மாடியில் நாங்கள். கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. பெரிய அலமாரி போன்ற சூட்டு இயந்திரங்களில் முட்டைகளை அடுக்கி வைப்பார்கள். சில நாள் கழித்து அந்த முட்டைகள் தட்டுத் தட்டாக இருட்டறைக்கு வரும். அந்த அறையில் ஜன்னல் கிடையாது. மேசைக்குள் ஒரு விளக்கு, மேசையின் மேல் முட்டை உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை, அவ்வளவுதான். ஓட்டையில் முட்டையை வைத்தால் ஓடு முழுக்கச் சிவந்து, உள்ளே இருப்பது தெரியும். பெரியம்மா பார்ப்பாள், சொல்வாள். எதிரே நிற்கும் பெண் சொன்னபடி எடுத்து வைப்பாள். தட்டுகளைத் தூக்குகிறவள் என்பதால் அவளுக்குத் தட்டக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சொல்வதற்கு மூன்றே சொற்கள். நடுவில் ஒரு கரும்பொட்டும், அதிலிருந்து சிலந்திக் கால்கள்போல் ஓடும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, அதற்கு "இருக்கு". ஒன்றுமே இல்லாமல் மஞ்சள் பல்புபோல் தெரிந்தால் கருவே பிடிக்கவில்லை, அதற்கு "வெறும்". நரம்பு அறுந்து, ரத்தம் எதோடும் ஒட்டாமல் தனியே பொட்டாகவோ வளையமாகவோ நின்றால் கரு பிடித்துச் செத்துவிட்டது; அதற்கு "போச்சு".

"இருக்கு, இருக்கு, இருக்கு, வெறும், இருக்கு, போச்சு, இருக்கு."

வேலை நேரம் முழுக்க இப்படித்தான். வீட்டில் சாப்பிடும்போதுகூடச் சில சமயம் உதடு அசையும். போச்சு என்று சொன்ன முட்டை மேசைக்குக் கீழே நீல வாளிக்குப் போகும். அதை யாரும் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இருந்ததில்லை. பெரியம்மா சொன்னால் சொன்னதுதான். அவளுக்கு அங்கே டார்ச் என்று பெயர். வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்கள் அதுதான் அவளுடைய நிஜப் பெயர் என்று நினைத்து, "டார்ச் அம்மா" என்று மரியாதையோடு கூப்பிட்டு எல்லோரையும் சிரிக்க வைப்பார்கள்.

அவளுடைய கண்தான் அவளுடைய கௌரவம். ஊசியில் நூல் கோக்கத் தெருவே அவளிடம் வரும். அரிசியில் கல் இருந்தால் அது பயந்துகொண்டு தானே வெளியே வந்துவிடும் என்பார் பெரியப்பா.

சர்க்கரை நோய் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதை அவள் வேண்டாத விருந்தாளியைப்போல நடத்தினாள். வந்தாயா, ஒரு மூலையில் இரு, என்னைத் தொந்தரவு செய்யாதே. மாதா மாதம் மருத்துவமனையில் மாத்திரை வாங்கும்போது, "வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைப் படம் எடுத்துப் பார்க்கணும்மா" என்று நர்ஸ் சொல்வார். "என் கண்ணையா? உங்க கண்ணை நான் பார்த்துச் சொல்றேன், வாங்க" என்று சிரித்துவிட்டு வந்துவிடுவாள். இந்த முறை நர்ஸ் விடவில்லை. படம் எடுத்தால்தான் அடுத்த மாத மாத்திரை என்று மிரட்டினார். பள்ளி முடித்து, அடுத்து என்ன என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த நேரம் எனக்கு. "சும்மாதானே இருக்க, கூட வாடி" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை படித்தாள். அதற்குக் கீழே ஓரத்தில் பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். "அது பரீட்சையில இல்லைம்மா" என்றாள் படம் எடுக்கும் அக்கா. "இருந்தா என்ன, தெரியுதுல்ல" என்று பெரியம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பிறகு கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். கண்ணின் பாப்பா விரிந்ததும் கேமராவின் முன் தாடையை வைக்கச் சொன்னார்கள். ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. திரையில் படம் வந்தது.

அது அச்சு அசலாக விளக்கின் மேல் வைத்த முட்டையாகவே இருந்தது. ஆரஞ்சு உருண்டை. அதில் மஞ்சளாக ஒரு வட்டம். வட்டத்திலிருந்து கிளை விட்டு ஓடும் சிவப்பு நரம்புகள். அந்த நரம்புகள் எதோடும் ஒட்டாமல், தனியே, ஊசி முனை அளவுக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள். சொட்டு மருந்தில் மங்கிய கண்ணோடும் எழுந்து, எட்டி நின்று, தலையைச் சாய்த்து, அதைப் பார்த்துவிட்டாள்.

அதனால்தான் "போச்சு" என்றாள்.

டாக்டர் அறையில் கூட்டம். டாக்டரம்மா படத்தைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னார். சர்க்கரையால் கண்ணில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, இது ஆரம்ப நிலை, பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போது கண்ணுக்கு என்று தனியாக மருந்து வேண்டாம், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வையுங்கள், அடுத்த வருடம் திரும்பப் படம் எடுக்கலாம். எனக்குப் புரிந்தது. பெரியம்மாவும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் எதுவும் விழவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. டாக்டரின் நிதானத்தை மட்டும்தான் அவள் கவனித்திருக்கிறாள். செத்த முட்டையைப் பார்த்து இருட்டறையில் யாரும் பதறுவதில்லை. நிதானமாகத்தான் எடுத்து வாளியில் போடுவார்கள்.

வெளியே வந்தோம். மருந்து விட்ட கண்ணில் வெயில் குத்தியது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு படியில் நின்றாள். "சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்னு அந்த அக்கா சொன்னாங்க பெரியம்மா" என்றேன். அவள் தன் கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தாள்.

"ரேகை தெரியலடி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காம்."

சாயங்காலம் பார்வை தெளிந்தது. மறுநாள் வேலைக்குப் போனாள். அதன் பிறகும் தினமும் போனாள், வந்தாள். நான் அதை மறந்தே போய்விட்டேன். ஆனால் கீழ் வீட்டில் சின்னச் சின்னதாக விநோதங்கள் நடக்கத் தொடங்கின. பெரியம்மா சமையலறை டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றினாள். உப்பு டப்பாவில் ரப்பர் வளையம் ஒன்று மாட்டினாள், சர்க்கரை டப்பாவில் இரண்டு. இத்தனை வருடத்தில் அடுப்பு எந்தப் பக்கம் திரும்பினால் பற்றும் என்றே தெரியாத பெரியப்பாவை நிற்கவைத்து, "பருப்பு எங்க? மிளகாய்த்தூள் எங்க?" என்று தினம் தினம் கேள்வி கேட்டாள்.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்? நான் குஞ்சு வண்டி ஓட்டுறவன். குஞ்சுக்கு நான் தாளிச்சாப் போடப் போறேன்?"

"தெரிஞ்சு வச்சுக்கோங்க. கூமுட்டையாவே இருந்துட்டா எப்படி?"

"கூமுட்டைன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்ட. நீதான் பெரிய டார்ச்சாச்சே, அன்னைக்கு லைட் அடிச்சுப் பார்க்க வேண்டியதுதானே."

வழக்கமாக இந்த இடத்தில் பெரியம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். இம்முறை காட்டவில்லை. "மிளகாய்த்தூள் எங்க?" என்று திரும்பவும் கேட்டாள். பெரியப்பா மாடிப்படியில் நின்ற என்னைப் பார்த்து, இவளுக்கு என்ன ஆச்சு என்பதுபோல் கையை விரித்தார்.

ஒரு மத்தியானம். அவளுக்கு அன்று வார விடுப்பு. அம்மா வாங்கியிருந்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பெரியம்மா கூடத்தின் நடுவே நின்றாள். கண்ணைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே போனது. நாற்காலியில் கால் இடித்தது. நின்று, அதைக் குனிந்து தொட்டுப் பார்த்து, சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தாள். பானை மூடியைத் தடவி எடுத்தாள். டம்ளரின் விளிம்புக்குள் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

என் கையிலிருந்த பாத்திரம் நழுவிக் கீழே விழுந்தது.

"யாரு?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

"நீதானேடி? உன் மூச்சுச் சத்தம் தெரியுது." துண்டை அவிழ்க்காமலேயே என் பக்கம் திரும்பினாள். "கத்தி ஊரைக் கூட்டிடாத. பழகிட்டிருக்கேன்."

"எதுக்குப் பெரியம்மா?"

"கண்ணு போனப்புறம் பழகினா கஷ்டம். இருக்கும்போதே பழகிக்கணும்."

அப்போதும் எனக்கு விஷயம் முழுதாக எட்டவில்லை. ஓடிப்போய் அந்தத் துண்டைப் பிடித்து இழுத்தேன். உள்ளே அவள் கண்கள் நன்றாகத்தான் இருந்தன. கொஞ்சம் சிவந்திருந்தன. "டாக்டர் ஆரம்ப நிலைன்னுதானே சொன்னாங்க? பார்வைக்கு ஒண்ணும் ஆகலைன்னு சொன்னாங்களே, நீங்க கேக்கலையா?"

"ஆறுதலுக்குச் சொல்வாங்கடி. நீயும்தான் பார்த்தியே படத்தை. நரம்போட ஒட்டாம ரெண்டு பொட்டு ரத்தம். என் வயசுல எத்தனை முட்டை பார்த்திருப்பேன்? அப்படிப் பொட்டு விழுந்தது ஒண்ணாவது பொழச்சிருக்கா? ஒண்ணு? இல்ல. வலது கண்ணு போச்சு. இடது கண்ணும் அதே தட்டு முட்டைதானே, எத்தனை நாளைக்கு?"

விழுந்த பாத்திரத்தை எடுக்கக் குனிந்தேன். அது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. தொட்டிக்குள் காய்கறித் தோலுக்கு நடுவே ஏதோ மின்னியது. மாத்திரை அட்டை. எடுத்துப் பார்த்தேன். ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னோர் அட்டை இருந்தது. அதுவும் முழுசாக.

"பெரியம்மா, இது உங்க சர்க்கரை மாத்திரை."

"ஆமா."

"சாப்பிடறதில்லையா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்ற ஆச்சரியம்தான் இருந்தது. "செத்த முட்டைக்கு யாராவது சூடு குடுப்பாங்களாடி?"

கண்ணைக் காப்பாற்ற டாக்டர் கேட்டதே அந்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லித்தான். கண் போய்விட்டது என்று முடிவு கட்டி, கண்ணைக் காப்பாற்றும் ஒரே காரியத்தை அவள் நிறுத்தியிருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். படம் எடுத்த அன்றிலிருந்தே என்றாள். கொஞ்ச நாளாக அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதும், அடிக்கடி பின்கட்டுக் கழிப்பறைக்கு ஓடுவதும், வேலை முடிந்து வந்ததும் துவண்டு படுப்பதும் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம். அதோடு நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கீச்சிடும் சத்தம். பெரியப்பா குஞ்சு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் சாப்பிட வந்திருந்தார். நான் மாத்திரை அட்டையோடு ஓடினேன். என்னவெல்லாம் சொன்னேனோ தெரியாது. துண்டு, பொட்டு, முட்டை, மாத்திரை என்று கலந்துகட்டிச் சொல்லியிருப்பேன். அவர் முகம் மாறிக்கொண்டே போனது. வீட்டுக்குள் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெரியம்மாவின் முன்னால் போய் நின்று, உப்பு டப்பாவில் மாட்டியிருந்த ரப்பர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுக்குத்தானா அந்தப் பரீட்சையெல்லாம்?" என்றார். "நான் ஏதோ வேற மாதிரி நினைச்சேன். நான் சமைக்கலைன்னு கோவமோன்னு."

பெரியம்மா அந்த டப்பாவை அலமாரிக்குள் தள்ளி வைத்தாள்.

"வண்டியில ஏறு" என்றார் அவர்.

"குஞ்சு இருக்கேங்க. லேட்டானா செத்துப் போயிடும்."

"அதுங்க சாவாது. காத்து வருது, நிழல்ல நிறுத்துவேன். நீ ஏறு."

வண்டியின் முன் இருக்கையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். பின்னால் குஞ்சுகள் ஓயாமல் கத்தின. பெரியப்பா எந்தப் பள்ளத்திலும் மெதுவாகப் போகவில்லை. பெரியம்மா மட்டும் பழக்க தோஷத்தில், "மெதுவா போங்க, பெட்டி சாயும்" என்றாள்.

மருத்துவமனையில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலைக் குத்தினார். இரண்டாவது முறையும் முந்நூறுக்கு மேல். "என்னம்மா பண்ணீங்க?" என்றார். பெரியப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

டாக்டரம்மா இந்த முறையும் அவசரப்படவில்லை. நான் சொன்னதைக் கேட்டார். துண்டு கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு பழைய படத்தைத் திரையில் போட்டார். அதே ஆரஞ்சு உருண்டை.

"அம்மா, இது உங்களுக்கு முட்டையா தெரியுதா?"

"முட்டைதான் டாக்டர். நீங்க வந்து பாருங்க, அச்சு இப்படியேதான் இருக்கும். இந்தப் பொட்டு விழுந்தா எங்க ரூம்ல அது பொழச்சதே கிடையாது."

"சரி. எனக்கு முட்டையைப் பத்தித் தெரியாது, நீங்க சொல்லுங்க. ஓட்டுக்குள்ள வெளியில இருந்து என்ன போகும்?"

பெரியம்மா யோசித்தாள். "சூடு போகும். கொஞ்சம் காத்து போகும்."

"ரத்தம்?"

"ரத்தம் எப்படிப் போகும்? ஓடு மூடியில்ல இருக்கு. உள்ள இருக்கிறதுதான்."

"அதான். முட்டை மூடின பொருள். உள்ள கெட்டுப்போனா வெளியில நின்னுக்கிட்டு நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. உங்க கண்ணு அப்படி மூடினது இல்லம்மா. நாம இப்ப பேசிக்கிட்டு இருக்கும்போதே உங்க உடம்பு ரத்தம் அங்க போயிட்டு வந்துக்கிட்டே இருக்கு. அதுல சர்க்கரை நிறையப் போகுதா, அளவாப் போகுதாங்கிறதுதான் விஷயம்." டாக்டர் அந்த இரண்டு புள்ளிகளைப் பேனா நுனியால் காட்டினார். "சைக்கிள் டியூப் ஒரு இடத்துல நைஞ்சுபோனா அங்க மட்டும் பலூன் மாதிரி புடைக்கும் இல்லையா? சர்க்கரை அதிகமா ஓடி ஓடி, முடி மாதிரி சன்னமான ரத்தக் குழாய் அங்கங்க நைஞ்சு புடைச்சிருக்கு. அந்தப் புடைப்புதான் இந்தப் பொட்டு. அந்தக் குழாய் ரொம்பச் சன்னம், அதனால படத்துல தெரியல. பொட்டு மட்டும் தனியா நிக்கிற மாதிரி இருக்கு. நிஜத்துல அது ஒட்டிக்கிட்டுதான் இருக்கு."

பெரியம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அறுந்து நிக்கலையா?"

"இல்ல. பார்வை வந்து விழற நடு இடம் இது. இங்க ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. அதனாலதான் அட்டையில கடைசி வரி வரைக்கும் படிச்சீங்க. இந்த நிலையில ஊசியும் வேண்டாம், லேசரும் வேண்டாம். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூணையும் பிடிச்சு வச்சா இது இப்படியே நிக்கலாம். சில பொட்டு மறைஞ்சுகூடப் போகும். கவனிக்காம விட்டாத்தான் கசிய ஆரம்பிக்கும், பெருகும். அப்பவும் வைத்தியம் இருக்கு, ஆனா அதுவரைக்கும் ஏன் போகணும்?"

"கூடுச்சுன்னா எனக்கே தெரியும்ல டாக்டர்?"

"தெரியாது. அதுதான் இதுல மோசம். வலிக்காது, மங்காது, ஒரு அறிகுறியும் இருக்காது. உங்க கண்ணு எவ்வளவு கூர்மையா இருந்தாலும் அது தன்னையே பார்த்துக்க முடியாது. அதுக்குத்தான் வருஷா வருஷம் படம். நடுவுல திடீர்னு மங்கினாலோ, கண்ணு முன்னாடி கறுப்பா ஏதாவது மிதந்தாலோ வருஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே வாங்க."

பெரியம்மா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. இருட்டறையில் அசைவதுபோல் அல்ல.

"அப்ப இத்தனை நாளா மாத்திரை போடாம..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. திரையில் படத்தைப் பார்த்த அன்றுகூட அவள் இப்படி இருக்கவில்லை. "உயிரோட இருந்ததை நானே வாளியில போட்டுட்டு இருந்தேனா?"

ஜன்னல் வழியாகக் குஞ்சுகளின் சத்தம் கேட்டது.

"திரும்பப் படம் எடுத்துப் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

சொட்டு மருந்து விட்டு நடைபாதை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அந்தக் காத்திருப்பை என்னால் மறக்க முடியாது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துண்டு கட்டிக்கொண்டு நடந்தபோது இருந்த தைரியம் எங்கோ போய்விட்டது. கண் போய்விட்டது என்று நினைத்தபோது பயமில்லாமல் இருந்தவள், இருக்கிறது என்று தெரிந்ததும் நடுங்கினாள். பெரியப்பாவின் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

காவலாளி வந்தார். "வாசல்ல குஞ்சு வண்டி யாரோடது? நோயாளிங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க."

"என்னோடதுதான்" என்றார் பெரியப்பா.

"எடுங்க சார்."

"எடுக்க முடியாது. என் சட்டை இவ கையில இருக்கு."

காவலாளி அந்தக் கையைப் பார்த்தார். பெரியம்மாவின் மூடிய கண்ணைப் பார்த்தார். "நிழல்லயாவது நிறுத்துங்க, பாவம் சின்ன உசுரு" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். "நிழல்லதான்யா நிக்குது" என்றார் பெரியப்பா, அவர் காதில் விழாதபடி.

படம் வந்தது. பெரியம்மா திரையைப் பார்க்க மறுத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். நகர்த்தினார். இன்னும் பெரிதாக்கினார்.

"புதுசா எதுவும் வரலை. அப்படியேதான் இருக்கு. தப்பிச்சீங்க" என்றார். "மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. விட்டதையெல்லாம் சேர்த்து ரெண்டு மூணா முழுங்கிடாதீங்க, எழுதிக் குடுத்த அளவுதான். சர்க்கரை டாக்டரையும் பார்த்துட்டுப் போங்க."

பெரியம்மா எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. பெரியப்பா அவசரமாக, "கண்ணைக் கசக்காதடி, மருந்து விட்டிருக்கு" என்றார். அவள் அழுகைக்கு நடுவிலேயே, "இவ்வளவு நாள் கழிச்சு இதாவது தெரியுதே உங்களுக்கு" என்றாள்.

குஞ்சுகளில் ஒன்றும் சாகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். பெரியம்மா மாத்திரையை விடவில்லை. ஆனால் பயம் அவளை விடவில்லை. முதல் சில வாரம் முட்டையை விளக்கில் வைக்கும்போதெல்லாம் தயங்கியதாகத் தட்டக்கா சொன்னாள். "போச்சுன்னு சொல்ல வேண்டிய இடத்துல நின்னுடறா. திரும்பத் திரும்ப உருட்டிப் பார்க்கிறா. மேனேஜர் வந்து, டார்ச்சுக்கு பேட்டரி தீர்ந்துடுச்சான்னு கேட்டுட்டுப் போறான்" என்றாள். நாள் போகப் போக அது சரியானது. பெரியம்மா இனிப்பைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. வேலை விட்டு நடந்தே வந்தாள், மழை நாளில் வரவில்லை. சர்க்கரையின் அளவு இறங்கியது, ஒரு மாதம் ஏறியது, பிறகு இறங்கியது. டப்பாக்களில் இருந்த ரப்பர் வளையங்களை அவள் கழற்ற மறந்துவிட்டாள். பெரியப்பா இப்போது இருட்டில்கூட உப்பு எது சர்க்கரை எது என்று சொல்வார். சமைக்கச் சொன்னால் மட்டும் வண்டிச் சாவியைத் தேடுவார்.

அடுத்த வருடப் படத்துக்கு நர்ஸ் கூப்பிடும் முன்பே அவள் கிளம்பிவிட்டாள். மூவரும் போனோம். அன்று வண்டியில் குஞ்சு இல்லை. அதே அக்கா, அதே கேமரா. வெளிச்சம் பளிச்சிட்டது. அந்த அக்காவுக்கு எங்களை நினைவிருந்தது. "நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று திரையைப் பெரியம்மாவின் பக்கம் திருப்பினாள்.

பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மஞ்சள் வட்டம், நரம்புகள், நடுவில் சுத்தமான இடம். இரண்டு புள்ளிகளில் ஒன்று இருந்த இடம் தெரியவில்லை. இன்னொன்று அதே இடத்தில், அதே அளவில், சிவப்பாக நின்றது.

"ஒண்ணு இன்னும் இருக்குல்ல?" என்று மெல்லக் கேட்டார் பெரியப்பா.

பெரியம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அடுத்த முட்டையை எடு என்று தட்டக்காவிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"இருக்கு."